ஆறும்

தார்த்து நகரம். மார்ச். விடிகாலை நான்கு.
எமாயிகி பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர்.
மேசையில் மாரிகா, நாற்பத்து மூன்று வயது,
ஏழாம் எண் பஸ் ஓட்டுகிறவள்.
புகை இல்லை, சர்க்கரை இல்லை,
கொழுப்பு எனக்கிருப்பதைவிடக் குறைவு.

நேற்று மதியம் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்து
வாசலில் குவிந்த பனியை
ஒற்றை ஆளாக அள்ளியிருக்கிறாள்.
ஏன் தனியாக என்று கேட்டேன்.
"எப்போதும் அவன்தான் அள்ளுவான்" என்றாள்.

வலி தாடையில் தொடங்கிக் கைக்கு இறங்கியது.
முதலில் பார்த்த இளம் டாக்டர்
'துக்கம், பதற்றம்' என்று எழுதி
ஒரு மாத்திரை கொடுத்து உட்காரச் சொன்னான்.
துக்கம்தான். அதில் பொய்யில்லை.
மூன்று மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்
வேறொன்றும் சொன்னது.

திரையில் மை ஓடுகிறது.
அகலமாக வந்த தமனி
பாதி வழியில் நூலாகி
நுனிவரை நூலாகவே போகிறது.
அடைப்பு இல்லை, படிந்த கொழுப்பு இல்லை.
சுவர் தனக்குள்ளேயே பிரிந்து
பிளவில் ரத்தம் புகுந்து தேங்கி
உள்தோலை உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிறது,
ஈரமேறிய சுவரில்
சுண்ணாம்பு உப்பி வருமே, அப்படி.
ஆனாலும் அந்த நூல் வழியே
ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஏன் வருகிறது?
பிள்ளைப்பேறு, ஹார்மோன்,
பிறவியிலேயே நெய்தலில் ஒரு தளர்ச்சி,
தூக்கிய பாரம், தூக்க முடியாத பாரம்.
பெரும்பாலும் பெண்களுக்கு.
'தெரியாது' என்பதை
மூன்று மொழிகளில் சொல்லப் பழகியிருக்கிறேன்.

நர்ஸ் யானிகா ஸ்டென்ட் உறையைப் பிரிக்கப் போனாள்.
வேண்டாம் என்றேன்.

பிரெத்தை அவளுக்குத் தெரியாது.
பதினோரு வருடத்துக்கு முன் இதே மேசை,
பிரசவமாகி ஒன்பதாம் நாள்.
ஸ்டென்ட் வைத்தேன். அழுத்திய இடத்திலிருந்து ரத்தம்
அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.
அங்கேயும் வைத்தேன். கிழிசல் என்னைவிட வேகமாக ஓடியது.
மூன்றாவது. பிறகு நெஞ்சைத் திறக்க ஓடினோம்.
பிழைத்தாள். பாதி இதயத்தோடு.
மாடிப்படியில் இரண்டு முறை நின்று ஏறுகிறாளாம்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை வரும்,
மகன் போன வருடத்தைவிட உயரமாக.
நன்றி என்று எழுதியிருப்பாள்.
அந்த ஒரு சொல்லை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

கம்பியை மெல்ல வெளியே இழுத்தேன்.
இருபது வருடம் பயின்ற கை
செய்ய ஒன்றுமில்லாமல் கையுறைக்குள் வியர்த்தது.

"என்ன செய்தீர்கள்?" என்றாள் மாரிகா.
"பார்த்தேன்."
"அவ்வளவுதானா?"
"தானாக ஆறும்."
ஐந்து நாள் இங்கே என் கண் முன்னால்.
ஆஸ்பிரின், இதயத்தை மெதுவாகத் துடிக்கவைக்கும் மாத்திரை.
மற்ற குழாய்களையும் படம் பிடித்தோம்:
சிறுநீரகத்துக்குப் போவது ஒன்று
பாசிமணி கோத்ததுபோல் இருந்தது.
பிறவித் தளர்ச்சி அதுவாக இருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் எழுதினேன்.

இரண்டாம் நாள் இரவு மறுபடி வலித்தது.
நான் வீட்டுக்குப் போகவில்லை.
ஜன்னலில் நின்று ஆற்றைப் பார்த்தேன்.
இந்த மாதத்தில் அதன்மேல் யாரும் கால் வைப்பதில்லை,
எந்த இடம் தாங்கும் என்று அதற்கே தெரியாது.
விடிவதற்குள் வலி அடங்கியது.

ஜூனில் வந்தாள்.
புதிய படத்தில் தமனி அகலமாக, வழுவழுப்பாக,
ஒன்றுமே நடக்காததுபோல்.
முதலில் அவள் நம்பவில்லை. நானும்தான்,
பெயரை இரண்டு முறை சரிபார்த்தேன்.
சிக்னலில் நிற்கும்போது
இன்னும் கை நெஞ்சுக்குப் போகிறது என்றாள்.
போகும் என்றேன். சிலருக்குப் பல காலம்.
திரும்ப வருமா என்றாள்.
பத்தில் ஒருவருக்கோ, கொஞ்சம் கூடவோ.
அவள் பத்து விரலையும் பார்த்தாள்.

சீட்டில் எழுதினேன்:
நடக்கலாம், பஸ் ஓட்டலாம்.
பத்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம்.

"ஒரு வாரு பனி எத்தனை கிலோ?" என்றாள்.
"எந்தப் பனி? புதிதா, பழையதா?"

அவள் கோட்டின் பொத்தானைப் போட்டாள்.
"பழையது."